தலையெழுத்தும் நான்கெழுத்தும்

"எங்கள் குலத்தின் டி.என்.ஏ.வே தனி" என்று மார்தட்டும் குரல் இப்போது மேடைதோறும் கேட்கிறது. முன்னே 'பூர்வ ஜென்ம புண்ணியம்' என்றனர். பிறகு 'இரத்தம்' என்றனர். இரத்த வங்கி வந்தது. வகை பொருந்தினால் போதும், கொடுத்தவன் சேரியா அக்கிரகாரமா என்று குருதி கேட்பதில்லை என்பதை அறுவைச் சிகிச்சைக் கூடம் நாள்தோறும் காட்டியது. 'தூய இரத்தம்' என்ற பேச்சு சற்றே கூசிப் பின்வாங்கியது. பின்வாங்கியது போல் போக்குக் காட்டி, இன்று ஆய்வுக்கூடத்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மீண்டும் வந்து நிற்கிறது. கள் பழையது, மொந்தைதான் புதியது!

இன்னொரு கூட்டமும் உண்டு. "கோத்திரம் என்பது என்ன? ஒய் குரோமோசோம்! மேல்நாட்டான் நேற்றுக் கண்டதை எங்கள் முனிவர்கள் அன்றே கண்டனர்" என்று கைப்பேசிக்குக் கைப்பேசி கடத்துகின்றனர். அந்தக் கைப்பேசிகளில் எத்தனையோ, சுங்குவார்சத்திரத்துப் பக்கம் இரவு ஷிப்டில் நின்று நம் பெண்கள் பொருத்திக் கொடுத்தவை! பொருத்தியவளுக்கு விஞ்ஞானம் வேண்டாமாம், பஞ்சாங்கம் போதுமாம். அவள் செய்து கொடுத்த கருவியில் ஏறி, பஞ்சாங்கம் விஞ்ஞான வேடம் கட்டி ஆடுகிறது.

ஆகவே நாம் கேட்கிறோம்: டி.என்.ஏ. என்கிறீர்களே, அது என்ன செய்கிறது என்று அறிவீர்களா? அது தன்னைத் தானே எப்படிப் படியெடுத்துக் கொள்கிறது என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா? கேட்டிருந்தால், உங்கள் வழக்குக்கு அதைச் சாட்சியாக அழைத்திருக்க மாட்டீர்கள். அது உங்களுக்கு எதிர்ச்சாட்சி!

திருப்பெரும்புதூரில் இராமாநுசர் 1017ஆம் ஆண்டு பிறந்தார் என்பது வைணவர் வழக்கு. மறைத்து வைத்த எட்டெழுத்தை அவர் திருக்கோட்டியூரில் கோபுரத்தின்மீது ஏறி ஊரறியக் கூவினார் என்றும் கதை சொல்வர். கதையின் மெய்ம்மை பற்றி இங்கே வழக்காட வரவில்லை. அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் அவ்வூரைச் சுற்றி இன்று இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என்று தொழிற்கூடங்கள் நிற்கின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, கைப்பேசி என்று உற்பத்தி நடக்கிறது. அங்கே வேலைக்கு வரும் இளைஞருக்கு நாம் கூவிச் சொல்ல விரும்புவது எட்டெழுத்தை அன்று, நான்கெழுத்தை.

அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். இந்நான்கே எழுத்துகள். தாயிடமிருந்து வந்த ஒரு படி, தந்தையிடமிருந்து வந்த ஒரு படி என, ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் 600 கோடி எழுத்து இணைகள் உள்ளன. நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர்! கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அது சுருண்டு கிடக்கிறது. இழைகள் இரண்டு, ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட ஏணி போல. அடினைனுக்கு எதிரே தைமின்தான் நிற்கும், குவானைனுக்கு எதிரே சைட்டோசின்தான் நிற்கும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால், படியெடுக்கும் மர்மம் பாதி விளங்கிவிடும். ஓர் இழையைக் கையில் கொடுத்தால் மற்றொன்றை எழுதிவிடலாம் அன்றோ? 1953 ஏப்ரலில் இவ்வடிவத்தை உலகுக்கு அறிவித்த வாட்சன், கிரிக் இருவரும், படியெடுக்கும் வழி இதிலேயே அடங்கியிருக்கிறது என்பதை அடக்கமாக ஒரு வரியில் குறிப்பிட்டுச் சென்றனர். அவர்களுக்கு வழிகாட்டிய எக்ஸ் கதிர்ப் படம் ரோசலிண்ட் பிராங்ளின் என்ற பெண்மணியின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டது. அவர் 1958இல் 37ஆம் வயதில் மறைந்தார். 1962இல் நோபல் பரிசு ஆடவர் மூவருக்குச் சென்றது.

வழி அடங்கியிருக்கிறது என்று சொன்னால் போதுமா? மெய்ப்பிக்க வேண்டாமா? 'முனிவர் அருளினார், முடிந்தது விவாதம்' என்பது அவர்கள் மரபு. விஞ்ஞானத்தின் மரபு வேறு. 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரு இளைஞர்கள் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தனர். நுண்ணுயிர்களுக்குக் கனமான நைட்ரஜனை உணவாகக் கொடுத்து வளர்த்தனர். அவற்றின் இழைகள் எல்லாம் கனத்தன. பிறகு உணவை மாற்றி இலேசான நைட்ரஜனைக் கொடுத்தனர். ஒருமுறை பெருகிய பின் எடுத்துச் சுழற்றிப் பார்த்தால், கனமும் அன்று, இலேசும் அன்று, எல்லாம் சரிபாதி நடுவெடை! இன்னொரு தலைமுறை சென்றதும் பாதி நடுவெடை, பாதி இலேசு. பொருள் என்ன? பழைய இழை அப்படியே நிற்க, அதன் எதிரே புதிய இழை ஒன்று எழுதப்படுகிறது. ஒவ்வொரு புதுப் படியும் பழமை ஒரு பாதி, புதுமை ஒரு பாதி. 'ஆதி முதல் மாறாத தூய பழமை' என்று எவரேனும் இனிப் பேசுவாராயின், அவர் உடலின் எந்த உயிரணுவிலும் அப்படி ஒன்று இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

எழுதும் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முறுக்கைப் பிரிக்க ஒரு நொதி. பிரித்த இழையில் முதல் சில எழுத்துகளை இட்டுத் தொடங்கி வைக்க ஒரு நொதி. தொடர்ந்து எழுத்துகளை வரிசையாகக் கோத்துச் செல்லப் பாலிமரேஸ் என்ற நொதி. 1956இல் ஆர்தர் கோர்ன்பர்க் இதனை நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். பாலிமரேசுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒரே திசையில்தான் எழுதும். இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஆகவே ஓர் இழையைத் தொடர்ந்து எழுதிச் செல்கிறது. மற்றதைத் துண்டு துண்டாக எழுதுகிறது. துண்டுகளை ஒட்டித் தர லைகேஸ் என்ற மற்றொரு நொதி காத்திருக்கிறது. இத்துண்டுகளைக் கண்டறிந்தவர் சப்பானிய அறிஞர் ரெய்ஜி ஒகாசாகி. இரோசிமாவில் பிறந்து, சிறுவனாக இருந்தபோது அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர் அவர். 1975இல் இரத்தப் புற்றுநோய் அவரை 44ஆம் வயதில் கொண்டு சென்றது. உயிரின் எழுத்து எவ்வாறு எழுதப்படுகிறது என்று உலகுக்குக் காட்டிய மனிதரின் எழுத்தையே, போர்வெறி சிதைத்துவிட்டது.

மனித உயிரணுவில் ஒரு முனையில் நொடிக்கு ஏறத்தாழ 50 எழுத்துகளே எழுதப்படுகின்றன. நம் குரோமோசோம்களில் மிகப் பெரியது 25 கோடி எழுத்து நீளம். ஓரத்தில் தொடங்கி ஒருவரே எழுதினால் இரண்டு மாதம் ஆகும்! அப்படி நடப்பதில்லை. உயிரணு முழுவதிலுமாகப் பல்லாயிரம் இடங்களில், தத்தம் முறை வரும்போது எழுத்து தொடங்குகிறது. எழுதி முடிய எட்டு மணி நேரம் போல ஆகிறது. ஆம், ஒரு ஷிப்டு! ஒரகடத்து இளைஞனுக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டுமா? ஒரு காரை ஒருவன் தனியே செய்வதில்லை என்பதை அவன் நன்கறிவான்.

பிழை நேராதா? நேரும். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்பது நம் பழமொழி. எந்த அச்சகத்திலும் மெய்ப்புத் திருத்துவோர் இருக்கத்தான் செய்கின்றனர். பாலிமரேஸ் தனித்து எழுதினால் இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் எழுத்து தவறும். தவறியதை அதுவே திரும்பிப் பார்த்து வெட்டி எறிந்து சரியானதை இடுகிறது. அதையும் தப்பிய பிழையை வேறொரு குழு தேடிப் பிடித்துத் திருத்துகிறது. இறுதியில் எஞ்சும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று அளவே. டி.என்.ஏ.வில் நேரும் பழுதுகளை உயிரணு திருத்தும் வழிகளைக் கண்டதற்காகவே 2015இல் லிண்டால், மாட்ரிச், சான்சார் மூவர் நோபல் பரிசு பெற்றனர். அப்படியும் பெற்றோரிடம் இல்லாத புது எழுத்துகள் அறுபது, எழுபதுடன் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. கவனியுங்கள்: ஒவ்வொரு குழந்தையும்! மடாதிபதி வீட்டில் பிறந்தாலும், மலக்குழியில் இறங்க வைக்கப்படுபவர் வீட்டில் பிறந்தாலும். 'எங்கள் வமிசம் எழுத்து பிசகாமல் வந்த வமிசம்' என்று எவனும் சொல்ல முடியாது. பிசகாமல் வந்திருந்தால் மனிதனாகவே வந்திருக்க மாட்டான், ஒற்றை உயிரணுவாகக் குட்டையில் மிதந்துகொண்டிருப்பான்.

இனி இதே திருப்பெரும்புதூருக்கு மீண்டும் வருவோம். 1991 மே 21 இரவு, இராசீவ் காந்தி அங்கே குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். அருகே நின்ற பலரும் மாண்டனர். குண்டைத் தன் உடலில் கட்டி வந்தவளின் உடல் சிதறிக் கிடந்தது. சிதறிய பகுதிகள் யாருடையவை, ஒருவருடையவைதாமா என்று அறிய வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறை சிதறலை ஆராய்ந்தது. டி.என்.ஏ. ரேகை பார்க்கும் வேலை ஐதராபாத்தில் லால்ஜி சிங் என்ற அறிஞரிடம் சென்றது. காலிலிருந்து எடுத்த உயிரணுவும் தலையிலிருந்து எடுத்த உயிரணுவும் ஒரே எழுத்தைச் சொல்லும் என்று எப்படி நம்பினர்? கருவில் இருந்த ஒரே ஓர் உயிரணுவின் எழுத்து, படிமேல் படியாக எடுக்கப்பட்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒன்றாகவே நிற்கிறது என்பதால்தான். தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று ஒரு பாட்டைக் காட்டி நம்மை நான்காகக் கூறு போட்டனரே, கேளுங்கள் தோழர்களே! தலையில் உள்ள எழுத்தும் காலில் உள்ள எழுத்தும் ஒன்றே என்பதுதான் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் விஞ்ஞானம்!

லால்ஜி சிங் உருவாக்கிய முறையில் மற்றொரு சுவையும் உண்டு. எழுத்தைத் தேடிப் பிடிக்க அவர் பயன்படுத்திய துண்டு, கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றில் முதலில் கண்டெடுக்கப்பட்டது. பாம்பின் துண்டு மனிதனின் இழையோடு ஒட்டிக்கொள்கிறது. எல்லா மனிதரின் இழையோடும் ஒட்டிக்கொள்கிறது. தீண்டாமை பார்ப்பவர், பாம்பே நமக்கு ஒருவகையில் சுற்றம் என்று அறியும்போது என்ன செய்வாரோ!

அதே லால்ஜி சிங்கின் ஆய்வுக்கூடம்தான் இன்னொரு வழக்கிலும் சாட்சி சொன்னது. வெறுங்கையில் விபூதி வரவழைத்தும், வாயிலிருந்து லிங்கம் கக்கியும் பக்தர்களை மயக்கிய பிரேமானந்தா என்ற சாமியாரை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். திருச்சிக்கு அருகே ஆசிரமம் நடத்தி, அடைக்கலம் புகுந்த சிறுமிகளைக் கெடுத்தவர். சிறுமி ஒருத்தியின் கலைக்கப்பட்ட கருவின் எழுத்தில் பாதி தாயினுடையது, மறு பாதி சாமியாரினுடையது என்று ஆய்வு சொல்லிற்று. மறுக்க வெளிநாட்டு நிபுணரையே வரவழைத்துப் பார்த்தனர். புதுக்கோட்டை நீதிமன்றம் 1997இல் ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2005இல் அதை உறுதி செய்தது. கையசைத்தால் விபூதி வந்தது, ஆனால் எத்தனை கையசைத்தும் ஓர் எழுத்தை அழிக்க அவரால் முடியவில்லை.

இப்போது கோத்திரக்காரருக்கு வருவோம். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்கிறது. இது மெய். ஆகவே ஒரே கோத்திரத்து ஆணும் பெண்ணும் மணந்தால் கேடு என்று முனிவர் கண்டார் என்கிறீர்கள். ஐயா, பெண்ணுக்கு ஒய் குரோமோசோமே கிடையாதே! இல்லாத ஒன்று எப்படி மோதும்? பிறக்கும் மகனுக்கு மணமகனின் ஒய் ஒன்றுதான் கிடைக்கும். மாமனாரின் ஒய் எதுவாயிருந்தால் என்ன? முப்பது தலைமுறைக்கு முன் பிரிந்த ஒரே கோத்திரத்தார் இருவருக்கிடையே பொதுவாக எஞ்சும் எழுத்து, அயலாரோடு இருப்பதைவிட அதிகம் என்று சொல்லவும் முடியாது. ஆனால் அக்காள் மகள் இருக்கிறாளே, அவளுக்குக் கோத்திரம் வேறு. சாத்திரப்படி மணக்கலாம் என்பார் இங்கே உண்டு. மாமனுக்கும் அவளுக்கும் எழுத்தில் சராசரி நாலில் ஒரு பங்கு பொது! எந்த ஓர் இடத்தை எடுத்தாலும், ஒரே மூதாதையின் ஒரே எழுத்து இருபுறமிருந்தும் வந்து குழந்தையிடம் சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று; அது பழுதான எழுத்தாயின் கேடு. அயலாளை விலக்கி அக்காள் மகளைச் சேர்க்கும் விதிக்கு விஞ்ஞானம் என்று பெயரா? 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நால்வருள் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணந்தவர். இதில் நம் இயக்கத்தார் வீடுகளும் அடக்கம். 'சொத்து வெளியே போகக்கூடாது' என்ற கணக்குக்கு மருத்துவமனை வாசலில் நிற்கும் குழந்தை விலை கொடுக்கிறது.

குலத் தூய்மைக்கு வருவோம். 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் தங்கராஜ், லால்ஜி சிங் முதலிய நம் நாட்டு அறிஞரும் பங்கேற்றனர். இந்நாட்டின் 73 கூட்டங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை எல்லாரும் எல்லாரோடும் கலந்தனர் என்று அவ்வாய்வு கண்டது. மேலெனப்பட்டவர், கீழெனப்பட்டவர், மலைவாழ்வோர் எவரும் விதிவிலக்கல்லர். கலப்பு இயற்கையாயிருந்தது, அதன் பிறகே கதவு அடைபட்டது. அடைத்தவர்க்கு என்ன கிடைத்தது? 2017இல் 263 கூட்டங்களை ஆராய்ந்தோர், அவற்றில் 81 கூட்டங்கள் சிறு மூதாதையர் குழுவிலிருந்து வந்து, உள்ளுக்குள்ளேயே மணந்து, பரம்பரை நோய் பெருகும் நிலையில் இருப்பதைக் கண்டனர். வைசியர் என்னும் வணிகக் கூட்டத்தாரிடையே ஒரு பழுது மிகுதி. அப்பழுது உள்ளவருக்கு அறுவைக்கு முன் தசை தளர்த்தும் ஒரு மருந்தைக் கொடுத்தால், அது தன் நேரத்தில் தெளியாமல் மூச்சைத் தடுத்துவிடும். சாதிக் கட்டுப்பாடு காத்தளித்த செல்வம் இதுதான்!

இன்னொன்றும் சொல்வோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இதயத் தசைக்குரிய ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட பழுதைக் காட்டியது. தென்னாசிய மக்களில் நூற்றுக்கு நால்வர் போல அதைச் சுமக்கின்றனர். முதுமையில் இதயம் தளர்வதற்கு அது காரணமாகிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் எவரோ ஒருவரின் உயிரணுவில் படியெடுத்தபோது நேர்ந்த பிழை! மதம், சாதி, மாநிலம் பாராமல் பரவியிருக்கிறது. அந்த ஒருவர் நம்மில் கோடிக்கணக்கானோருக்குப் பொதுப் பாட்டன் அல்லது பாட்டி என்றல்லவா பொருள்? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில் பட்டப்பகலில் ஓர் இளைஞனை வெட்டிச் சாய்த்தனர். வேற்றுச் சாதிப் பெண்ணை மணந்தான் என்பதே அவன் செய்த குற்றம். அரிவாளைப் பிடித்த கையிலும் அறுபட்ட கழுத்திலும் இருந்த எழுத்துகளில் ஆயிரத்துக்கு ஒன்று வேறுபட்டிருந்தால் அதிகம்.

நம் பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. 'எல்லாம் மரபணுவில் இருக்கிறது' என்று சொல்லி, பழைய தலையெழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டி.என்.ஏ.வைக் குந்த வைப்பதும் மடமைதான். எச்சிலை அனுப்பினால் பிள்ளையின் எதிர்காலம் சொல்வோம் என்று கடை விரிப்போர் வந்துவிட்டனர். இவர்களுக்கும் கிளி சோதிடனுக்கும் என்ன வேற்றுமை? கிளியாவது கூண்டுக்குள் இருக்கிறது! ஏணியைக் கண்ட வாட்சனே 2007இல் ஆப்பிரிக்க மக்களின் அறிவைத் தாழ்த்திப் பேசினார். அவர் தலைமை தாங்கி வளர்த்த ஆய்வுக்கூடம், 2019இல் அவருக்கு அளித்திருந்த சிறப்புப் பட்டங்களைப் பறித்தது. கண்டவர் என்பதற்காக அவர் சொன்னதெல்லாம் வேதமாகிவிடவில்லை. நமக்கு முனிவர் எங்கும் இல்லை, மேனாட்டிலும் இல்லை.

ஏனெனில் எழுத்து மாறும். சூழல் அதை மாற்றும். தொழிலாளத் தோழனுக்கு நேரே தொடர்புடைய செய்தி இதுதான். பென்சீன் நம் எலும்புச் சோற்றின் உயிரணுக்களில் எழுத்தைச் சிதைத்து இரத்தப் புற்றுநோய் தரும். பென்சீன், முலாம் பூசும் தொட்டியின் அறுபிணைப்புக் குரோமியம், வெல்டிங் புகை ஆகியவற்றைப் புற்றுநோய் தருவன என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் வைத்துள்ளது. பெயிண்ட் அடிக்கும் தொழிலையே அவ்வகுப்பில் வைத்துள்ளது. இரவு ஷிப்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது என்று 2007இல் குறித்து, 2019இல் மீண்டும் உறுதி செய்தது. கரைப்பான் நெடியிலும் வெல்டிங் புகையிலும் பத்தாண்டு நின்றவன் நோயுற்று வீடு திரும்பும்போது, ஊரில் என்ன சொல்கின்றனர்? "தலையெழுத்து!" என்கின்றனர். பரிகாரத்துக்குத் திருநள்ளாறு அனுப்புகின்றனர். எழுத்தைச் சிதைத்தது சனி என்று ஆகிவிட்டால், புகை உறிஞ்சும் குழாய் போடாதவனைக் கேட்பார் யார்? சோதிடனைவிட இந்தப் பதிலால் மகிழ்பவன் ஒருவன் உண்டு, அவன் முதலாளி.

போபால் கொடுமைக்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்ந்தது. ஆபத்தான பொருளோடு வேலை செய்பவனுக்கு அதன் தீமையைச் சொல்வதும், அவன் உடல்நலப் பதிவேட்டை அவன் பார்க்க விடுவதும் நிர்வாகத்தின் கடமை என்று அத்திருத்தம் எழுதிற்று. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சங்கம் வைக்கும் உரிமைக்காகத் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து நின்றனர். சங்கம் வைத்தோர், வைக்கப் போவோர் அனைவரும் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்க்க வேண்டுகிறோம்: பெயிண்ட் ஷாப்பிலும் வெல்டிங் வரிசையிலும் காற்றை அளந்த கணக்கைத் தமிழிலும் இந்தியிலும் வாயிலில் எழுதி வைத்தல், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை, அதன் தாள் தொழிலாளியின் கையில், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சியாளனுக்கும் அதே முகமூடி, அதே பரிசோதனை.